இரவு டியூட்டிக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும்

மதிப்பிற்குரிய தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத்தாருக்கும், தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும்,

வணக்கம். எம்.டி. அவசர மருத்துவம் படித்து முடித்து, இன்று அதே துறையில் உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். என் மாணவர்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன்.

நான் முதலாம் ஆண்டு படித்தபோது, ஓர் இரவு இரண்டரை மணி இருக்கும். பூச்சிமருந்து குடித்த இளைஞன் ஒருவனை 108 ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். வாயில் நுரை, வியர்வையில் தொப்பலாக நனைந்த சட்டை, குண்டூசி முனையாகச் சுருங்கிய கண்பாவை. அந்த நெடி அறை முழுக்கப் பரவியிருந்தது. விஷத்தை முறிக்கும் அட்ரோபின் மருந்தை 3 ஆம்பூல், அதாவது 3 சிறு கண்ணாடிக் குப்பி, போட்டேன். ஐந்து நிமிடம் கழித்து 6, பிறகு 12. ஆம்பூல்களின் கழுத்தை ஒடித்து ஒடித்துச் செவிலியர் அக்காவின் விரலில் கீறல் விழுந்துவிட்டது. நாடித்துடிப்பு 120ஐத் தொட்டது, கண்பாவை விரிந்தது. மருந்து போதும் என்று நிறுத்திவிட்டேன்.

நான்கு மணிக்கு, வேறொரு நோயாளியைப் பார்க்க வந்த மயக்கவியல் உதவிப் பேராசிரியர் போகிற போக்கில் அந்த இளைஞனின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். “நெஞ்சு இன்னும் கொரகொரவென்று இருக்கிறதே அம்மா, ஏன் நிறுத்தினாய்?” என்று கேட்டார். என் கையைப் பிடித்து அவன் அக்குளில் வைத்தார். ஈரம். “கண்ணையும் நாடியையும் மட்டும் பார்த்து நிறுத்தாதே. நெஞ்சு தெளிய வேண்டும், அக்குள் காய வேண்டும். அதுவரை இரட்டிப்பாக்கிக்கொண்டே போ” என்றார். மொத்தம் ஐந்து நிமிடம் இருந்திருப்பார். பதினோராம் நாள் அந்த இளைஞன் தன் அம்மாவோடு நடந்து வீட்டுக்குப் போனான்.

அதற்கு மூன்று வாரம் முன்பு இதே போன்ற இன்னொருவரையும் நான்தான் பார்த்தேன். அன்றும் அதே இடத்தில்தான் நிறுத்தினேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் என்ன ஆனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த இரண்டு இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பாடத்திட்டத்தில் பூச்சிமருந்து விஷம் இருக்கிறது. நானும் படித்திருந்தேன், தேர்வில் எழுதியும் இருந்தேன். ஆனால் கையைப் பிடித்து அக்குளில் வைக்க ஒருவர் வேண்டியிருந்தது. அவர் அங்கே வந்தது தற்செயல். எங்கள் துறையில் படிப்பு இன்னும் தற்செயலை நம்பித்தான் நடக்கிறது.

வகுப்புகள் பகலில் நடக்கின்றன. கருத்தரங்கு, ஆய்விதழ் வாசிப்பு, ஆய்வேடு எல்லாமே காலை எட்டிலிருந்து மாலை நான்குக்குள் அடங்கிவிடும். கடினமான நோயாளிகளோ இரவில் வருகிறார்கள். நெடுஞ்சாலை விபத்தும் பாம்புக்கடியும் மூச்சுத்திணறும் குழந்தையும் நேரம் பார்த்து வருவதில்லை. அந்த நேரத்தில், உயிருக்குப் போராடுபவர்களைப் பார்க்கும் சிவப்பு மண்டலத்தில் நிற்பவர் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு மாணவர். அவருக்கு உதவியாக முதலாம் ஆண்டு மாணவரும் ஒரு பயிற்சி மருத்துவரும் இருப்பார்கள். மூத்தவர் தொலைபேசியில் கிடைப்பார். ஆனால் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் கொரகொரப்பு தொலைபேசியில் கேட்காது.

இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருக்கும் நான்கைந்து பேர் பகல் டியூட்டியையும் தேர்வுப் பணிகளையும் பார்த்துக்கொண்டு இரவும் நிற்க முடியாது. ஆள் போதவில்லை. ஏன் போதவில்லை என்று கேட்டால், அதற்கான பதில் உங்கள் மேசையில் இருக்கிறது.

அவசர மருத்துவம் நம் நாட்டில் தனித்துறையாக அங்கீகாரம் பெற்றது 2009இல். மருத்துவக் கல்லூரிகளின் குறைந்தபட்சத் தேவைகள் பற்றி 2020இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிக்கும் இந்தத் துறை கட்டாயமானது. எங்களைப் போன்றவர்கள் அன்று எவ்வளவு மகிழ்ந்தோம் என்று சொல்லி முடியாது. எம்.பி.பி.எஸ். படிப்புக்கான 2023 விதிமுறைகளில் கட்டாயத் துறைகளின் பட்டியலிலிருந்து அது விடுபட்டது. அவசரப் பிரிவு இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கியாக வேண்டும், ஆனால் அதற்கென்று பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் கொண்ட துறை கட்டாயமில்லை. துறை கட்டாயமில்லாத இடத்தில் பணியிடம் எப்படி உருவாகும்? பணியிடம் இல்லாவிட்டால், மூன்றாண்டு இரவு பகலாக உழைத்துப் பட்டம் வாங்கியவர் எங்கே போவார்?

என்னோடு படித்தவர்களில் ஒருவர் தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். ஒருவர் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார். தீவிர சிகிச்சையில் டி.எம். என்ற உயர்பட்டம் முடித்த ஒருவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கற்பிக்கத் தங்கியது நான் ஒருத்திதான். அவர்கள் யாரையும் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் என் மாணவர்களின் இரவு டியூட்டியில் நிற்க வேண்டிய ஆசிரியர்கள் அவர்கள்தான். மாணவர்களின் படிப்பும் அவர்களுடைய எதிர்கால வேலையும் வெவ்வேறு கோப்புகளில் இருக்கலாம், எங்களுக்கு இரண்டும் ஒரே பிரச்சினை.

வேலை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடர்ச்சியான பணி சாதாரணமாகப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992இலேயே எழுதிவைத்தது. வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று, மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய்ந்த உங்கள் ஆணையத்தின் தேசியப் பணிக்குழுவே 2024இல் பரிந்துரைத்தது. உங்கள் 2023 முதுநிலைக் கல்வி விதிகளில் வாராந்தர விடுமுறையும் போதிய ஓய்வும் இருக்கின்றன. தூக்கமில்லாத மாணவர் காலை எட்டு மணி வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, பாடம் நடத்தும் எனக்கே குற்ற உணர்ச்சி வருகிறது. இரவு டியூட்டி முடித்தவரை வகுப்புக்கு வரச் சொல்லி வருகைப் பதிவு எடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பணம் அதிகம் கேட்காத ஒன்றையும் கேட்கிறேன். அவசரப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றப்பட்ட நோயாளிகள் என்ன ஆனார்கள் என்ற தகவல், மூன்றாம் நாள் அவர்களை முதலில் பார்த்த மாணவரின் கைக்கு வந்து சேர வேண்டும். இறுதி நோய் என்ன, சிகிச்சை மாறியதா, பிழைத்தாரா என்ற மூன்று வரி போதும். மற்றத் துறை மாணவர்கள் தங்கள் நோயாளியை மறுநாள் காலை வார்டிலேயே பார்த்துவிடுகிறார்கள். எங்கள் மாணவர்கள் கதையின் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓட வேண்டியிருக்கிறது. தான் செய்தது சரியா தவறா என்றே தெரியாமல் மூன்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. எங்கள் துறையில் கடந்த ஆண்டு முதல் வியாழக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கியிருக்கிறோம். முதல் வாரமே ஒரு மாணவர், தான் வயிற்றுவலி என்று அனுப்பிய பெரியவருக்கு மாரடைப்பு என்று தெரிந்து அழுதுவிட்டார். அதன்பிறகு மேல்வயிற்று வலியோடு வரும் எந்தப் பெரியவரையும் ஈ.சி.ஜி. எடுக்காமல் அவர் அனுப்பியதில்லை.

வாரியத்தாரே, அவசர மருத்துவத்தைக் கட்டாயத் துறைகளின் பட்டியலில் மீண்டும் சேர்க்கச் செய்யுங்கள். முதுநிலை இடங்களுக்கு அனுமதி தரும்போது படுக்கைகளையும் கருவிகளையும் எண்ணுவதோடு, இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் இடையே எந்த ஆசிரியர் தளத்தில் இருந்தார் என்பதையும் பாருங்கள்.

முதல்வர்களே, நீங்கள் விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மாதத்துக்கான மாணவர்களின் டியூட்டிப் பட்டியலை ஒட்டும்போது, ஆசிரியர்களின் இரவுப் பட்டியலையும் அதே பலகையில், அதன் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள். வாரம் இரண்டு இரவுதான் முடியும் என்றால் அந்த இரண்டு இரவிலிருந்து தொடங்குங்கள். முதல் இரவுக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அவசர மருத்துவ உதவிப் பேராசிரியர் ஒருவர்