கடைசியில் வந்து சேர்ந்த நாட்களுக்காக: மார்க் கேவண்டிஷுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மார்க் கேவண்டிஷ் அவர்களுக்கு,

உங்களைப் பற்றி யார் பேசினாலும் 35 என்ற எண்ணில்தான் தொடங்குகிறார்கள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 35 ஸ்டேஜ் (ஒரு நாள் பந்தயம்) வெற்றிகள். பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1975-இல் 34-இல் நிறுத்திய கணக்கை 49 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 3 அன்று செயின்ட்-வுல்பாவில் தாண்டினீர்கள். அப்போது உங்களுக்கு வயது 39. அந்த வெற்றியைக் கொண்டாடி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இந்தக் கடிதம் வேறு நாட்களைப் பற்றியது. வென்றவர் குளித்து, உடை மாற்றி, பேட்டியும் கொடுத்து முடித்த பிறகு நீங்கள் எல்லைக்கோட்டுக்கு வந்து சேர்ந்த நாட்கள். என் கணக்கில் உங்களைப் பெரிய வீரராக்கியது அந்த நாட்கள்தான்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டூர் என்பது மூன்று வாரம், 21 ஸ்டேஜ். அதில் ஸ்பிரிண்டருக்கென்று அமைகிற சமதள நாட்கள் ஏழெட்டு இருந்தாலே பெரிது. அந்த நாட்களிலும் நாலைந்து மணி நேரம் கூட்டத்துக்குள் மறைந்திருந்து, கடைசி 200 மீட்டரில் மணிக்கு 65, 70 கிலோமீட்டர் வேகத்தில் பத்துப் பன்னிரண்டு விநாடி வெடிக்க வேண்டும். அதற்காக வளர்த்த தசை மலைச்சாலையில் வெறும் சுமையாகிவிடும். 60 கிலோ எடையுள்ள மலையேறும் வீரர்கள் முன்னால் போய்விடுவார்கள். ஸ்பிரிண்டர் பின்னால் விழுவார். மெதுவாக வந்தால்தான் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் நேர வரம்பு குறுக்கே நிற்கிறது. அன்றைய வெற்றியாளரின் நேரத்தோடு ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி வரம்பு போடுவார்கள். ஸ்டேஜ் எவ்வளவு கடினம், சராசரி வேகம் எவ்வளவு என்பதைப் பொறுத்து அந்தச் சதவீதம் மாறும். அதற்குள் வரவில்லையென்றால் மறுநாள் பந்தயத்தில் இடமில்லை. அடுத்த வாரம் நீங்கள் வெல்லவிருந்த சமதள ஸ்டேஜும் அதோடு போயிற்று.

அதனால் மலை நாட்களில் உங்களைப் போன்றவர்கள் பின்னால் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமாகப் போவீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை ஆட்டோபஸ் என்கிறார்கள், இத்தாலியர்கள் க்ரூப்பெட்டோ என்கிறார்கள். அதற்குள் யாராவது ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஏற்றத்தில் இத்தனை நிமிடம் விடலாம், அந்த இறக்கத்தில் இத்தனை நிமிடம் மீட்கலாம், பள்ளத்தாக்கில் எல்லோரும் மாறி மாறி இழுத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்று. உங்களுக்கு அந்தக் கணக்காளர் பல ஆண்டுகள் பெர்ன்ஹார்ட் ஐசல். 2010-இல் கென்ட்-வெவல்கெம் பந்தயத்தை வென்ற ஆஸ்திரியர், தானே ஜெயிக்கத் தெரிந்தவர். அவர் தன் நல்ல ஆண்டுகளில் பெரும்பகுதியை மலையில் உங்கள் பக்கத்திலேயே செலவழித்தார். உங்கள் வெற்றிப் படங்களில் அவர் அநேகமாக இருக்க மாட்டார், ஏனென்றால் அவர் வேலை முந்தைய நாளே முடிந்திருக்கும்.

உங்கள் முதல் டூர் 2007. முதல் நாட்களிலேயே கீழே விழுந்தீர்கள். ஆல்ப்ஸ் மலை தொடங்கியதும், டின்யே நோக்கிப் போன எட்டாவது ஸ்டேஜில் விலகினீர்கள். பிரிட்டனை ஒட்டிய ஐல் ஆஃப் மேன் தீவுப் பையன், சைக்கிளுக்குப் பணம் சேர்க்க வங்கியில் வேலை பார்த்தவன், ஆய்வகச் சோதனைகளில் சொல்லிக்கொள்ளும்படி எண்கள் வராதவன். அந்த எண்களை மட்டும் பார்த்திருந்தால் பிரிட்டிஷ் சைக்கிளிங் அகாடமியில் உங்களுக்கு இடமே கிடைத்திருக்காது. ராட் எல்லிங்வொர்த் போன்ற பயிற்சியாளர்கள் வேறு எதையோ பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 9 அன்று ஷாட்டோரூவில் முதல் வெற்றி. அந்த டூரில் மொத்தம் நான்கு, 2009-இல் ஆறு, பிறகு 2010-இலும் 2011-இலும் ஐந்தைந்து. மூக்கு ஹேண்டில்பாரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து நீங்கள் பாய்கிறபோது காற்று உங்களைப் பிடிக்க முடியாமல் விட்டுவிடும். உங்களைவிடப் பத்துப் பதினைந்து கிலோ கூடுதல் எடையும், அதற்கேற்ற பலமும் கொண்டவர்கள் பின்தங்கிப் போனதற்கு அந்தக் குனிவும் ஒரு காரணம். மீதிக் காரணம், யார் பின்னால் எப்போது இருக்க வேண்டும் என்ற கணக்கு. அது ஆய்வக இயந்திரத்தில் தெரிகிற சங்கதி இல்லை.

2009 மிலான்-சான் ரெமோ பற்றியும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் பந்தயம், முடிவில் சிப்ரெஸ்ஸா, போஜ்ஜியோ என்று இரண்டு ஏற்றங்கள். இந்த ஆளால் அவற்றைத் தாண்ட முடியாது என்றுதான் பேச்சு. தாண்டினீர்கள். ஹைன்ரிக் ஹவுஸ்லர் முன்கூட்டியே பாய்ந்து தப்பியே விட்டார் என்று தோன்றிய நேரத்தில், துரத்திப் பிடித்துச் சில அங்குல வித்தியாசத்தில் வென்றீர்கள். 2011-இல் கோபன்ஹேகனில் சாலைப் பந்தய உலகச் சாம்பியன் பட்டம். டாம் சிம்ப்சன் 1965-இல் வென்ற பிறகு பிரிட்டிஷ் ஆண்கள் யாருக்கும் கிடைக்காதது.

அதே 2011-இல் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் பச்சை ஜெர்சி உங்கள் தோளில். கலிபியே சிகரத்தில் முடிந்த ஸ்டேஜில் நீங்கள் இருந்த ஆட்டோபஸ் நேர வரம்பைத் தாண்டி வந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள். அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினால் பந்தயமே இருக்காது என்பதால் உள்ளே விட்டார்கள், ஆனால் உங்களிடமிருந்து 20 புள்ளிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். மறுநாள் ஆல்ப் டியூவெஸ். மறுபடியும் தாமதம், மறுபடியும் 20 புள்ளிகள். அதற்குப் பிறகும் பச்சை ஜெர்சியோடு பாரிஸுக்கு வந்து ஷான்ஸெலிஸேயில் வென்றீர்கள். சட்டம் உங்களுக்காக வளைந்தது என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வளைந்தது கூட்டத்துக்காக; விலை கொடுத்தது நீங்கள்.

சரி, இனி 2018. நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அந்த ஆண்டுக்காகத்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு ஆளை ஓயாமல் களைப்பாக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் உங்கள் உடம்பில் இருப்பது தெரிந்தது. அதோடே டூருக்கு வந்து, விட்டெலில் தடுப்பில் மோதித் தோள் எலும்பு முறிந்து போனீர்கள். 2018-இல் உடம்பு இன்னும் சரியாகவில்லை. ஆனாலும் வந்தீர்கள். பதினொன்றாவது ஸ்டேஜ், லா ரோசியே. 108 கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்க மலை. குறுகிய மலை ஸ்டேஜ் ஸ்பிரிண்டருக்கு நீண்ட ஸ்டேஜைவிட மோசம். முன்னால் போகிறவர்கள் முதல் நிமிடத்திலிருந்தே அடித்து ஓட்டுவார்கள், பின்னால் இருப்பவர்களுக்கு மீட்டுக்கொள்ள சமதளமே கிடைக்காது. ஜெர்மன் ஸ்பிரிண்டர் மார்செல் கிட்டல் வரம்புக்கு வெளியே வந்தார். பல ஆண்டுகளாக உங்களைக் கடைசி 200 மீட்டர் வரை கொண்டுவந்து விட்ட மார்க் ரென்ஷாவும் வெளியே. நீங்கள் அவர்களுக்கும் வெகு பின்னால் இருந்தீர்கள்.

வரம்பு எப்போதோ முடிந்துவிட்டது, உங்களுக்கும் அது தெரியும். காரில் ஏறிவிடலாம். ஏறினாலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள், பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். ஜெரைன்ட் தாமஸ் வென்று ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகு, உச்சியில் அந்தக் கோட்டைத் தனியாகத் தாண்டினீர்கள். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் சேராது. புள்ளி இல்லை, இடம் இல்லை, மறுநாள் இல்லை. அந்த ஏற்றத்தைத் திரையில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அந்த ஆகஸ்டில் உங்களுக்கு மனச்சோர்வு நோய் இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்ததாகப் பின்னாளில் நீங்களே வெளிப்படையாகச் சொன்னீர்கள். பந்தய வீரர்கள் முறிந்த எலும்பைப் பற்றிச் சுலபமாகப் பேசுவார்கள். இதைப் பற்றிப் பேசுவது அபூர்வம். நீங்கள் பேசினீர்கள். அதற்கு நன்றி.

2019, 2020 இரண்டு ஆண்டும் டூருக்கு உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2020 அக்டோபரில் கென்ட்-வெவல்கெம் முடிந்ததும், இதுவே என் கடைசிப் பந்தயமாக இருக்கலாம் என்று கேமரா முன்னால் அழுதபடி சொன்னீர்கள். பிறகு பழைய அணியில் ஓராண்டு ஒப்பந்தம். துருக்கியில் நான்கு வெற்றி, அதுவும் மூன்று ஆண்டுக்கு மேல் ஒன்றுகூட இல்லாமல் இருந்துவிட்டு. அப்புறம் அணியின் முதன்மை ஸ்பிரிண்டர் சாம் பென்னட்டுக்கு முழங்காலில் காயம், டூர் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது உங்களுக்கு அழைப்பு. ஃபூஜேர், ஷாட்டோரூ, வாலன்ஸ், கார்க்காசோன். 34 ஆகி மெர்க்ஸைத் தொட்ட நாள் 2021 ஜூலை 9, முதல் வெற்றிக்குச் சரியாக 13 ஆண்டு.

இந்த வரிசையில் ஷாட்டோரூவுக்கும் வாலன்ஸுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நடுவே இருந்தது டின்யே. 2007-இல் நீங்கள் போய்ச் சேராத அதே டின்யே. மழை, குளிர். அர்னோ டெமார் அன்று வரம்பைத் தவறவிட்டு வெளியேறினார், பிரையன் கொக்காரும் அப்படியே. நீங்கள் வரம்புக்கு ஒன்றரை நிமிடம் மிச்சம் வைத்து வந்தீர்கள். அந்த ஒன்றரை நிமிடம் இல்லையென்றால் வாலன்ஸ் இல்லை, கார்க்காசோன் இல்லை, இரண்டாவது பச்சை ஜெர்சி இல்லை, 35-உம் இல்லை. அணித் தோழர்கள் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உங்களோடு மலையேறினார்கள். வாலன்ஸில் கடைசி ஆளாக உங்களை இழுத்துக்கொண்டு வந்த மைக்கேல் மோர்கோவ் விலகி வழிவிட்டபோது உங்களுக்கு மிச்சமிருந்த வேலை மிகக் குறைவு. அவ்வளவு கச்சிதமான லீட்-அவுட் அது. மறுநாளே மோன் வாந்தூவை ஒன்றல்ல, இரண்டு முறை ஏற வேண்டியிருந்தது. அதையும் தாண்டினீர்கள்.

2022-இல் அணி உங்களை எடுக்கவில்லை. 2023-இல் ஓய்வை அறிவித்தீர்கள், ரோமில் இத்தாலியின் ஜிரோ பந்தயத்தின் கடைசி ஸ்டேஜை வென்றீர்கள், டூரில் போர்டோவில் பாய்ந்த நேரத்தில் கியர் நழுவி இரண்டாவதாக வந்தீர்கள், மறுநாள் விழுந்து காறை எலும்பு முறிந்தது. அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். இன்னும் ஓராண்டு என்று நீங்கள் முடிவெடுத்தது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயத்தைத்தான் தந்தது.

அதனால்தான் 2024-இன் முதல் நாளை, ஃப்ளோரன்ஸிலிருந்து ரிமினி வரையிலான அந்த 206 கிலோமீட்டரை, நான் பதற்றத்தோடு பார்த்தேன். ஏழு ஏற்றங்கள், கொதிக்கும் வெயில். முதல் ஏற்றத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு பின்னால் விழுந்துவிட்டீர்கள். அஸ்தானா அணி வீரர்கள் உங்களைச் சுற்றி நின்று, தலையில் தண்ணீர் ஊற்றி, நிழலாக வந்தார்கள். வெற்றியாளருக்கு ஏறக்குறைய 40 நிமிடம் கழித்து, வரம்புக்குள், கோட்டைத் தாண்டினீர்கள். மூன்று நாள் கழித்து 2,642 மீட்டர் உயரக் கலிபியே. அதற்கு மறுநாள்தான் செயின்ட்-வுல்பா. அங்கே உங்கள் ரயில், அதாவது உங்களை முன்னால் இழுத்துப் போகும் தோழர்களின் வரிசை, முழுதாகக் கூட இல்லை. ஒருவர் பின்னாலிருந்து இன்னொருவர் பின்னால் தாவி, இடைவெளி தெரிந்த கணத்தில் பாய்ந்து, ஜாஸ்பர் பிலிப்சனைத் தெளிவாக முந்தினீர்கள். அன்று அணியின் பொறுப்பாளர்களில் ஒருவராக இருந்தவர் ரென்ஷா. லா ரோசியேவில் உங்களோடு வெளியேறிய அதே ரென்ஷா.

இந்தச் சாதனை நிலைக்குமா என்று இப்போதே பேச்சு கிளம்பிவிட்டது. ததேய் போகாச்சர் 2025 டூரோடு 21 வெற்றியில் இருக்கிறார், தாண்டவும் கூடும். தாண்டினால் அது மெர்க்ஸின் வகை வெற்றி: மலை, டைம் ட்ரயல் (ஒவ்வொருவரும் தனியாக நேரத்தோடு ஓட்டும் பந்தயம்) எல்லாம் கலந்தது. உங்கள் 35-இல் ஒன்றுகூட மலையுச்சியில் வந்ததில்லை, ஒன்றுகூட டைம் ட்ரயல் இல்லை. ஸ்பிரிண்டில் மட்டும் இத்தனை வெல்ல இனி ஒருவருக்கு நாட்களே கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம். நீங்கள் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்ற ஷான்ஸெலிஸே ஸ்டேஜில் 2025-இல் மோன்மார்த்ர் ஏற்றத்தைச் சேர்த்துவிட்டார்கள், வவுட் வான் ஆர்ட் தனியாக வந்து வென்றார். பார்க்க அருமையாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மூன்று வாரம் மலைகளில் வரம்போடு மல்லுக்கட்டிப் பாரிஸ் வரை வருகிற ஸ்பிரிண்டருக்கு அந்த ஒரு மாலைதான் கூலி. அதையும் எடுத்துவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்கள் கடைசி டூருக்கே அது கிடைக்கவில்லை. ஒலிம்பிக்ஸ் காரணமாகப் பந்தயம் நீஸில், டைம் ட்ரயலில் முடிந்தது.

பந்தயத்தை வடிவமைப்பவர்கள் உங்கள் பேச்சுக்குக் காது கொடுப்பார்கள். சமதள நாட்கள் சலிப்பூட்டுகின்றன என்று யாராவது சொல்லும்போது நீங்கள் குறுக்கிட்டுப் பேச வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். இரண்டாவது, பேட்டிகளில் எல்லோரும் செயின்ட்-வுல்பாவைப் பற்றியே கேட்கிறார்கள். ஐசல் மலையில் எப்படிக் கணக்குப் போட்டார், டின்யேவில் அந்த ஒன்றரை நிமிடம் யார் யாரிடமிருந்து வந்தது, லா ரோசியேவில் ஏன் காரில் ஏறவில்லை என்பதையும் நீங்கள் விரிவாகச் சொல்ல வேண்டும். இளம் ஸ்பிரிண்டர்கள் இப்போது உங்கள் கடைசி 200 மீட்டரை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மிகுந்த அன்போடு,
உங்கள் ரசிகன்