பெட்டிக்குள் கேம் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேம்களை மொத்தமாகக் கட்டிப் புதிய கன்சோல்களுக்கு விற்கும் தொகுப்புகள் பற்றிப் பத்திரிகைகளில் வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் மூன்று செய்திகளோடு முடிந்துவிடுகின்றன: எத்தனை கேம், என்ன விலை, சின்ன வயது ஞாபகம். காசு கொடுத்து வாங்குகிறவருக்கும் சேர்த்து வைக்கிறவருக்கும் இவை போதாது. பெட்டிக்குள் கேம் முழுதாக இருக்கிறதா, எந்த நாட்டுப் பதிப்பு, மூலத்திலிருந்து எதை மாற்றினார்கள், எந்தக் கன்சோலில் எப்படி ஓடும் ஆகிய நான்கையும் மதிப்புரை எழுதுகிறவர் தாமே சோதித்துப் பார்த்து ஒரு சிறு கட்டத்தில் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு 2018-ல் வந்த 'மெகா மேன் லெகசி கலெக்‌ஷன் 1+2' அமெரிக்கப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பத்து கேம். கன்சோலில் செருகும் கார்ட்ரிட்ஜில் இருப்பதோ முதல் ஆறுதான். ஏழிலிருந்து பத்து வரை இணையத்திலிருந்து இறக்குவதற்கான குறியீடாக ஒரு துண்டுக் காகிதத்தில் வருகிறது. அந்தக் குறியீடு ஒருமுறைதான் செல்லும். ஆகவே அதே பெட்டியைப் பழையதாக வாங்குகிறவர் பத்துக்கு விலை கொடுத்து ஆறைப் பெறுகிறார். விற்றவரும் ஏமாற்றியவர் அல்ல. பெட்டியின் அமைப்பே அப்படி.

2025 ஜூன் 5-ல் வெளியான ஸ்விட்ச் 2 இதை இன்னும் ஒரு படி தள்ளிக்கொண்டு போனது. 'கேம்-கீ கார்ட்' என்று ஒரு வகை கார்ட்ரிட்ஜ் அதில் உண்டு. அதற்குள் கேம் கிடையாது. சாவி மட்டுமே இருக்கும். செருகியதும் கேம் முழுவதையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும், முதல் தடவை திறக்கவும் இணையம் வேண்டும். அதன்பின் கார்டு செருகியிருந்தால் இணையம் இல்லாமலே ஓடும். குறியீடு போல ஒருவரோடு முடிந்துவிடாமல் இதை விற்கலாம், இரவல் கொடுக்கலாம் என்பது நியாயமாகச் சொல்ல வேண்டிய நல்ல அம்சம். ஆனால் சர்வர் நிற்கும் நாளில் அது வெறும் பிளாஸ்டிக். நின்டெண்டோவின் பழைய வீ கன்சோலின் இணையக் கடை 2019 ஜனவரி 30-ல் மூடப்பட்டது. அதன் 3டிஎஸ், வீ யு கன்சோல்களின் கடைகளில் விற்பனை 2023 மார்ச் 27-ல் நின்றது. இந்த வகைப் பெட்டியின் முன்பக்க அடிப்பகுதியில் சாவிப் படத்துடன் ஒரு பட்டை இருக்கும். இணையத்தில் வாங்கும்போது கடைக்காரர் போடும் படத்தில் அந்தப் பட்டை வெட்டப்பட்டிருந்தால், முழு அட்டையின் படத்தைக் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். இடத்தையும் கணக்கில் வையுங்கள். ஸ்விட்ச் 2-ன் உள் சேமிப்பு 256 ஜிபி. கூடுதலுக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும். பழைய ஸ்விட்ச்சில் கிடந்த சாதாரண மைக்ரோ எஸ்டியில் கேம் ஏறாது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மதிப்புரையாளர்களும் இதையே செய்யலாம். ஸ்விட்ச்சில் ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். முகப்பில் கேமின் படத்தின் மேல் நின்று பிளஸ் பட்டனை அழுத்தி, மென்பொருளை மட்டும் நீக்குங்கள். சேமித்த ஆட்டம் தனி இடத்தில் இருப்பதால் அது போகாது. 'சேவ் டேட்டா' என்று எழுதியதை மட்டும் தொடாதீர்கள். கார்ட்ரிட்ஜை எடுத்து மறுபடி செருகித் திறந்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு கேமையும் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். திறப்பவைதான் உங்கள் கையில் இருப்பவை. பிளேஸ்டேஷன் 5-லும் இதே வழிதான்: நெட்வொர்க்கை அணைத்து, கேமை நீக்கி, டிஸ்க்கை மறுபடி செருகி நிறுவ வேண்டும். சோதனை முடிந்ததும் இணையத்தை இணைத்து அப்டேட்டை மறக்காமல் இறக்குங்கள். 'காசில்வேனியா ஆனிவர்சரி கலெக்‌ஷன்' 2019 மே மாதம் வெளியானபோது அதில் இல்லாத ஜப்பானியப் பதிப்புகள் அடுத்த மாதம் இலவச அப்டேட்டாகவே வந்தன.

கன்சோல் விஷயத்தில் சுருக்கமாக. டிஸ்க் சேர்ப்பவர் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வாங்கவே கூடாது. அதில் டிஸ்க் டிரைவ் இல்லை, பின்னால் சேர்க்கவும் முடியாது. பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிரைவைத் தனியே வாங்கிப் பொருத்தலாம், ஆனால் முதலில் அதை இணைக்க இணையம் வேண்டும். பிளேஸ்டேஷன் 5-ல் பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் ஏறக்குறைய எல்லாமே ஓடும். 1, 2, 3 டிஸ்க்குகள் ஓடா. ஆகவே பிளேஸ்டேஷன் 3 காலத்து நல்ல தொகுப்புகளை வைத்திருப்பவர்கள் அந்தப் பழைய கன்சோலைக் கழித்துவிட வேண்டாம்.

அப்படிக் கழித்துவிட்டால் என்ன இழப்பு என்பதற்கு, சோனிக் கேம்களை வெளியிடும் செகா நிறுவனமே சாட்சி. 2018-ல் வந்த 'செகா மெகா டிரைவ் கிளாசிக்ஸ்' தொகுப்பில் 50-க்கும் மேற்பட்ட கேம்கள். அத்தனை இருந்தும் சோனிக் 3 அதில் இல்லை. அது வேண்டுமென்றால் 2022 ஜூன் 23-ல் வந்த 'சோனிக் ஆரிஜின்ஸ்' வாங்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பே, மே 20-ல், பழைய சோனிக் கேம்களின் தனி விற்பனையைப் பெரும்பாலான இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆரிஜின்ஸில் உள்ள சோனிக் 3-லோ கார்னிவல் நைட், ஐஸ்கேப், லாஞ்ச் பேஸ் ஆகிய மூன்று இடங்களின் இசை மூல கார்ட்ரிட்ஜில் இருந்தது அல்ல. ஆனால் 2009-ல் பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்த செகா தொகுப்பில் மூல இசையுடனேயே சோனிக் 3 இருக்கிறது. அதோடும் முடியவில்லை. 2024 டிசம்பர் 6-ல் 'மெகா டிரைவ் கிளாசிக்ஸ்' தொகுப்பும் இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. முன்பே வாங்கியவர்கள் மீண்டும் இறக்கலாம். புதிதாக விரும்புகிறவருக்கு மிஞ்சியது பழைய டிஸ்க்கும் கார்ட்ரிட்ஜும்தான். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்றது. மிச்சமுள்ள 13 சதவீதத்தில் பல இந்தத் தொகுப்புகளின் தயவில் உயிரோடு இருப்பவை. அதனால்தான் அவற்றில் நடக்கும் ஒவ்வொரு வெட்டும் ஒட்டும் பதிவாக வேண்டும் என்கிறேன்.

எந்த நாட்டுப் பதிப்பு என்பதை அச்சில் யாரும் எழுதுவதே இல்லை. அதுதான் ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. ஐரோப்பிய டிவிகள் விநாடிக்கு 50 தடவை படம் வரைந்தவை. அமெரிக்க, ஜப்பானிய டிவிகள் 60. (நம் பழைய டிவிகளும் 50 வகைதான்.) 60-க்கு எழுதிய கேமை மாற்றி எழுதாமல் 50-ல் ஓட்டினால் வேகம் சுமார் 17 சதவீதம் குறையும், பல கேம்களில் இசையும் சேர்ந்து இழுக்கும். 2018 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற சிறு பெட்டியின் 20 கேம்களில் 9 கேம்கள் இந்த 50 வகை. நம் ஊரில் பலருக்கும் மனப்பாடமான டெக்கன் 3-ம் அவற்றில் ஒன்று. கை பழகிய வேகத்தில் அடித்தால் அடி விழாமல் போவதற்கு வயது காரணம் அல்ல. ஆசியாவில் 2022-ல் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவில் வந்த சோனியின் பழைய கேம்களும் முதலில் 50 பதிப்புகளாகவே வந்து, புகார் எழுந்தபின் 60-க்கு வழி செய்யப்பட்டது. தொகுப்பின் மெனுவில் 'ரீஜன்' என்று இருந்தால் ஐரோப்பாவைத் தவிர்த்து அமெரிக்காவையோ ஜப்பானையோ வையுங்கள்.

அந்த இரண்டில் எது என்பது கேமைப் பொறுத்தது. கான்ட்ராவில் ஜப்பானிய ஃபேமிகாம் பதிப்பையே தேர்ந்தெடுங்கள் (ஃபேமிகாம் நின்டெண்டோவின் பழைய கன்சோல்; அமெரிக்காவில் அதன் பெயர் என்இஎஸ்). கார்ட்ரிட்ஜுக்குள் கூடுதல் சிப் இருந்ததால் அதில் தென்னை ஆடும், பனி பெய்யும், கட்டங்களுக்கு நடுவே வரைபடம் வரும். அமெரிக்கப் பதிப்பில் இவை கிடையாது. ஐரோப்பாவில் மனித வீரர்களை எடுத்துவிட்டு ரோபோக்களைப் போட்டு 'புரோபோடெக்டர்' என்று பெயரும் மாற்றினார்கள். காசில்வேனியா 3-ல் வித்தியாசம் காதிலேயே கேட்கும். ஜப்பானிய கார்ட்ரிட்ஜில் இருந்த விஆர்சி6 என்ற சிப் கன்சோலின் ஒலிக்கு மேல் மூன்று ஒலித் தடங்களைச் சேர்த்தது. அமெரிக்க என்இஎஸ் கார்ட்ரிட்ஜ் வாயில் அந்த ஒலியைக் கலக்கும் இணைப்பு இல்லாததால் இசையையே குறைத்து எழுத வேண்டியிருந்தது. எழுத்து ஜப்பானிய மொழியில் வரும் என்றாலும் இந்த வகை ஆட்டத்துக்கு அது தடையே இல்லை.

அடுத்தது திரை. பெரும்பாலான தொகுப்புகளில் மூன்று வகை இருக்கும்: திரை முழுதும் இழுப்பது, 4:3, 'பிக்சல் பெர்ஃபெக்ட்'. முதலாவது எல்லாரையும் குண்டாக்கும், அதைத் தொடவே வேண்டாம். மூன்றாவது பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். என்இஎஸ் படம் 256-க்கு 240 புள்ளிகள். பழைய டிவி அதை அகலத்தில் விரித்துக் காட்டும் என்று தெரிந்தே ஓவியர்கள் வரைந்தார்கள். புள்ளிக்குப் புள்ளி காட்டினால் வட்ட நிலா முட்டையாகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற கேப்காம் நிறுவனத்தின் ஆர்கேட் (கடையில் காசு போட்டு ஆடும்) கேம்களில் இதற்கு நேர்மாறு: படம் 384-க்கு 224. புள்ளிக்குப் புள்ளி காட்டினால் ஆட்கள் பருத்துவிடுவார்கள். இரண்டுக்கும் சரியானது 4:3.

பழைய டிவியின் கிடைக்கோடுகளைப் போலக் காட்டும் ஸ்கேன்லைன் ஃபில்டர் போட்டால் சில டிவிகளில் கோடுகள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் வரும். ஃபில்டரில் கோளாறு இல்லை, வகுத்தலில்தான். டிவியின் 1080 வரியை கேமின் 240 வரியால் வகுத்தால் 4.5, அரை வரியை எங்கே வைப்பது? பழைய ஸ்விட்ச்சைக் கையில் வைத்து ஆடும்போது திரை 720, சரியாக மூன்று மடங்கு, அதனால் அங்கே சுத்தமாக இருக்கும். 4கே-யில் 2160, அதாவது ஒன்பது மடங்கு. கன்சோலே 4கே அனுப்பினால் அங்கும் சிக்கல் இல்லை. 1080-ல் முழு எண் மடங்கு அளவுக்கு மெனு இடம் தந்தால் நான்கு மடங்கு, 960 வரி, வைத்து மேலும் கீழும் 60 வரி கறுப்பாக விடுங்கள். ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்கள் பக்கவாட்டில் வரும் அலங்காரப் படங்களை அணைப்பது நல்லது. மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் பளிச்சென்ற படம் தழும்பாகலாம்.

பட்டனை அழுத்தியதற்கும் திரையில் குதிப்பதற்கும் இடையே தாமதம் இருந்தால் கேமைக் குறை சொல்லும் முன் டிவியைப் பாருங்கள். ஒரு பிரேம், அதாவது விநாடிக்கு 60 படங்களில் ஒரு படம், 16.7 மில்லி விநாடி. டிவியின் படமெருகேற்றும் வேலைகள் சில செட்டுகளில் 100 மில்லி விநாடிக்கு மேல் சேர்க்கும், அதாவது ஆறு பிரேம். பழைய கேம்களில் ஆறு பிரேம் என்பது ஓர் உயிர். அந்த எச்டிஎம்ஐ வாயிலில் கேம் மோடைப் போட்டு, அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரையும் விட்டுவிடுங்கள்; படம் சரியானாலும் ஒலி பின்தங்கும்.

சேமிப்பில் ஒரு பொறி இருக்கிறது. ஆட்டத்தை எந்த நொடியிலும் அப்படியே பதிந்து வைக்கத் தொகுப்பு தரும் 'சேவ் ஸ்டேட்' வேறு, கேமுக்குள் இருக்கும் சேமிப்பு வேறு. கேமுக்குள் சேமித்துவிட்டு, மறுநாள் பழைய ஸ்டேட்டைத் திறந்தால் அந்த ஸ்டேட் எடுத்த நேரத்துக்கே எல்லாம் திரும்பிவிடும். உள்ளே சேமித்ததும் மேலெழுதப்பட்டுப் போகலாம். நீண்ட ஆட்டங்களில் இரண்டில் ஒன்றை மட்டும் பின்பற்றுங்கள். ஸ்விட்ச் சேமிப்பை மெமரி கார்டுக்கு நகலெடுக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கார்ட்ரிட்ஜின் தொடுமுனை அழுக்கானால் ஊதாதீர்கள். ஊதும்போது போகும் ஈரம்தான் உலோகத்தை அரிக்கிறது. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் துடைத்து, காய்ந்த பிறகு செருகினால் போதும். கடலோர ஊர்களில் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

இனி, நான் கேட்கும் கட்டம் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி: 'மெட்டல் கியர் சாலிட் மாஸ்டர் கலெக்‌ஷன் தொகுதி 1. வெளியீடு 2023 அக்டோபர் 24. இரண்டாம், மூன்றாம் பாகங்கள் ஸ்விட்ச்சில் விநாடிக்கு 30 பிரேம், பிளேஸ்டேஷன் 5-லும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸிலும் 60. இணையத்தை அணைத்துச் சோதித்தபோது திறந்தவை இவை, திறக்காதவை இவை.' செய்தித்தாளில் எட்டு வரிகூட வராது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி.