மூடியில் ஒரு புள்ளிக் கோலம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். வெள்ளிக்கிழமை போனில் உன்னைக் கடிந்து பேசிவிட்டேன். நீயும் "சரிப்பா" என்று ஒற்றைச் சொல்லோடு வைத்துவிட்டாய். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய லேப்டாப்பின் மூடியில் விளக்கு வைத்து அழகு பார்க்க ஆசைப்பட்டதற்காக நான் கோபப்படவில்லை, தாயி. ஊர் ஊராகச் சீரியல் செட் கட்டிப் பிழைத்தவன் மகளுக்கு அந்த ஆசை வராமல் வேறு யாருக்கு வரும்? 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை உள்ளே ஒட்டி, சார்ஜர் ஒயரிலிருந்தே கரண்ட் எடுக்கப் போவதாகச் சொன்னாயே, அங்கேதான் எனக்குப் பதறிவிட்டது.

அந்தச் சார்ஜர் தருவது 19 வோல்ட். ஸ்ட்ரிப்பில் மும்மூன்று எல்.இ.டி.யாகத் தொடராகக் கோத்து, ஒவ்வொரு மூன்றுக்கும் கரண்டை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். விளக்குகள் மூன்றும் சுமார் 9 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 3 வோல்ட் ரெசிஸ்டர் தலையில் விழும். நீ 19 கொடுத்தால் அதன் தலையில் 10 விழும். மூன்று மடங்குக்கு மேல் கரண்ட் ஓடும். ஸ்ட்ரிப் கொதிக்கும், பசை இளகும், ஒட்டியிருப்பதோ ஸ்கிரீனின் முதுகில். இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லாமல் "வேண்டாத வேலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அது வெறும் பழைய பொருள் இல்லை. பிளஸ் டூவில் அரசு உனக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது நீ பாவாடை சட்டை போட்ட சின்னப் பிள்ளை. உன் முறை வந்த அன்று, என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, அதை நெஞ்சோடு அணைத்தபடி வீடுவரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தாய். என் வருமானத்தில் வாங்கித் தர முடியாத பொருள் அது. அதற்கு நீ ஒரு அழகு செய்ய வேண்டும், அது கெடாமலும் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் அம்மாவிடம் சொன்னேன். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டாள். நேர்ப்புள்ளி, ஐந்தில் தொடங்கி ஒன்றில் முடிவது. ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று: மொத்தம் பதின்மூன்று. "புள்ளிகள் மட்டும் எரியட்டும், கோட்டை அவள் வெள்ளைப் பெயிண்டில் இழுத்துக்கொள்ளட்டும்" என்றாள். முப்பது வருடத் தொழிலில் எனக்குத் தோன்றாத யோசனை. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

இரண்டு நாளாகப் பட்டறை மேசையில் அதைச் செய்து பார்த்தேன். கரண்டை யூ.எஸ்.பி.யிலிருந்தே எடுத்துக்கொள், அது 5 வோல்ட். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கே 3 வோல்ட் வேண்டும் என்பதால், இரண்டைத் தொடராகப் போட்டால் எரியாது. சீரியல் செட்டில் ஆறு வோல்ட் பல்புகள் நாற்பதை வரிசையாகக் கோத்து 230 வோல்ட்டில் எரித்த பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. பதின்மூன்றும் இணையாக, ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர். மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று வைத்துவிடாதே. எல்.இ.டி.கள் ஒரே வார்ப்பாக இருக்காது. ஒன்று அதிகம் இழுக்கும், பக்கத்தில் இருப்பது மங்கும். கோலத்தில் ஒரு புள்ளி மங்கினால் கண் நேராக அங்கேதான் போகும்.

முதலில் 180 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "கோலப் புள்ளி கண்ணைக் கூசவா செய்யும்?" என்றாள். 470-க்கு மாற்றினேன். அரிசி மாவு நிலா வெளிச்சத்தில் தெரிவதுபோல் அடங்கி நின்றது. பதின்மூன்றும் சேர்ந்து 60 மில்லியாம்பியரைத் தாண்டவில்லை. உன் யூ.எஸ்.பி. 2.0 துளை 500 வரை தாங்கும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் எல்.இ.டி. என்றால் ரேடியோப் பெட்டியில் எரியும் சிவப்பும் பச்சையும்தான். நல்ல வெளிச்சம் தரும் நீலத்தைச் செய்ய ஜப்பானில் பல வருடம் போராடினார்கள். அதற்காகத்தான் அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. உன் வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளேயும் அந்த நீலம்தான் இருக்கிறது. மேலே பூசிய மஞ்சள்தான் அதை வெள்ளையாக்குகிறது. எரியாதபோது உற்றுப் பார், மஞ்சள் தெரியும்.

இனி ஒயர். இதுதான் எனக்குப் பெரிய கவலை. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், சங்கரன்கோவில் ஆடித் தபசுக்கு ஒரு தெரு முனையில் வளைவு கட்டினேன். ஒரு வீட்டிலிருந்து கரண்ட் எடுத்து, ஒற்றைக் கம்பி ஒயரை அவர்கள் வீட்டு இரும்புக் கதவின் கீலோரமாகக் கொண்டுபோனேன். பகலெல்லாம் திருவிழாக் கூட்டம்; அந்தக் கதவு எத்தனை தடவை திறந்து மூடியதோ தெரியாது. தபசுக் காட்சி நேரத்தில் என் வளைவு மட்டும் இருண்டுவிட்டது. பியூஸ் சரியாக இருந்தது, பல்புகளும் சரியாக இருந்தன. விரலால் தடவிக்கொண்டே வந்தபோது, கீல் அருகே ரப்பர் முழுசாக இருந்தும் உள்ளே கம்பி துண்டாகியிருப்பது மெத்தென்று தட்டுப்பட்டது. அந்த இடத்தை இன்றும் என் விரல் மறக்கவில்லை.

லேப்டாப் மூடியும் ஒரு கதவுதான். அதனால் பல இழை ஒயர் அனுப்புகிறேன். கீலின் உள்ளே திணிக்காதே. அங்கே ஏற்கெனவே ஸ்கிரீன் கேபிளும் வைஃபை ஆன்டெனா ஒயரும் நெருக்கிக்கொண்டு போகின்றன. வெளியே, கீலின் பின்புறம் ஒரு சிறு வளையம் தொங்கவிட்டு, பழைய யூ.எஸ்.பி. கேபிளில் வெட்டிய பிளக்கில் முடி. சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். பச்சையும் வெள்ளையும் உனக்கு வேண்டாம், ஆனால் அவற்றைத் தனித்தனியாக டேப் சுற்று. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது என்று நீ முகம் சுளிப்பது தெரிகிறது. வேண்டாம் என்றால் பிடுங்கிவிடலாம், மதர்போர்டில் ஒரு சொட்டு ஈயம்கூடப் படாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

துளை போடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்று. ஸ்கிரீனை எடுத்துத் தனியே துணியில் வை. அது மூடியோடு இருக்கும்போது டிரில்லைக் கையில் எடுக்கவே கூடாது. வெளிச்சம் கூடட்டும் என்று அலுமினியத் தாளை மேல்விளிம்பு வரை ஒட்டாதே, ஆன்டெனா அங்கேதான் இருக்கும், வைஃபை படுத்துவிடும். துளைகளின் உட்புறம் டிரேசிங் பேப்பர் ஒரு அடுக்கு போதும், வெளிச்சம் பரவி நிற்கும்.

பொட்டலத்தில் எல்லாமே பதினைந்து வைத்திருக்கிறேன், இரண்டு கைதவறினால் ஆகட்டும் என்று. ரெசிஸ்டரின் முதுகில் 471 என்றிருக்கும்; 47-க்குப் பின் ஒரு பூஜ்யம் என்று வாசிக்க வேண்டும். எல்.இ.டி.யில் ஒரு மூலை வெட்டுப்பட்டிருக்கும் பக்கம் நெகட்டிவ். ஒவ்வொன்றையும் எரித்துப் பார்த்துவிட்டேன்.

ஈயம் வைத்து முடித்ததும், ஸ்கிரீனைத் திரும்ப மாட்டுவதற்கு முன் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன். விளக்கு ஏற்றும் நாளை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. அன்று காலை வாசலில் இதே கோலத்தைப் போட வேண்டுமாம் உன் அம்மாவுக்கு.

அன்புடன்,
அப்பா