மாற்றுப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் தங்கள் விருப்பப்படி படிக்கும் மாற்றுப் பள்ளிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரத்தடி வகுப்பு, மண்ணில் விளையாடும் குழந்தைகள், சீருடை கிடையாது, பரீட்சை கிடையாது என்று படங்களோடு அழகாகப் போட்டிருந்தீர்கள். சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு மட்டும் அதில் பிடிமானம் எதுவும் கிடைக்கவில்லை. கட்டுரை வந்த வாரமே எங்கள் தெருவில், "டீச்சர், அங்க சேக்கலாமா?" என்று என்னிடம் வந்து கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நீடாமங்கலம், மன்னார்குடிப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குழந்தையின் போக்கை அனுசரித்துச் சொல்லிக்கொடுக்கும் கல்வியில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. அது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் சரிப்படும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2007-08 கல்வியாண்டில் செயல்வழிக் கற்றல் தமிழகம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது, பாயில் உட்கார்ந்து, பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப் படத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து, தனக்கான பாட அட்டையைத் தானே எடுத்துப் படித்தவர்கள் நடவுக்கும் களைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். சுவரின் கீழ்ப்பகுதியில் ஆளுக்கொரு கரும்பலகை. எழுதியதைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். நான்கு வகுப்புப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒன்றாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அதில் குறைகள் இருந்தன, அட்டைகள் கிழிந்தன, பதிவேடுகள் பெருகின. ஆனாலும் பிள்ளைகளுக்கு என்னிடம் இருந்த பயம் அந்த ஆண்டுகளில்தான் போயிற்று.

என் பேரனுக்குப் பள்ளி தேடியபோது மகளுடன் நானும் போனேன். எங்கே போனாலும் எங்கள் முதல் கோரிக்கை ஒன்றுதான்: ஒரு காலைப்பொழுது முழுக்க வகுப்பின் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்துகொள்கிறோம், அனுமதியுங்கள். சில இடங்களில் வளாகத்தைச் சுற்றிக் காட்டினார்கள், காணொளி போட்டுக் காட்டினார்கள், வகுப்புக்குள் மட்டும் விடவில்லை. கூட்டம் சேர்ந்தால் பிள்ளைகளின் கவனம் கலையும் என்பது சரிதான். வேறொரு நாள் வரச் சொல்லலாமே! எந்த நாளிலும் முடியாது என்ற இடங்களை நாங்கள் விட்டுவிட்டோம்.

அனுமதி கிடைத்த இடத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, பித்தளைச் செம்பிலிருந்து இரண்டு டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நடுங்கித் தரையெல்லாம் தண்ணீர். ஆசிரியை நாலடி தள்ளித் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். பார்த்தார், எழுந்திருக்கவில்லை. அந்தக் குழந்தை ஆணியில் தொங்கிய துணியை எடுத்து வந்து துடைத்து, வெளியே போய்ப் பிழிந்து, திரும்ப மாட்டிவிட்டு, மறுபடியும் செம்பை நிரப்பினாள். இந்த முறை பாதியோடு நிறுத்திக்கொண்டாள். பிறகுதான் ஆசிரியை மடியில் இருந்த நோட்டில் இரண்டு வரி எழுதினார். துணி அந்தக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்ததையும், அந்த நோட்டையும் நான் கவனித்துக்கொண்டேன்.

இன்னோர் இடத்தில், "இங்கே எல்லாம் குழந்தைகளின் தேர்வுதான்" என்றார்கள். மேசையில் மூன்று தட்டுகள். மூன்றிலும் ஆங்கில எழுத்தின் மேல் எழுதிப் பழகும் தாள்கள். நிறம்தான் வேறு. ஒரு பையன் எதுவும் வேண்டாம் என்று சன்னல் பக்கம் போனான். "குட் பாய் இல்லையா நீ?" என்று கேட்டு அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அவன் முகம் சுருங்கிவிட்டது. ஆகவே பெற்றோருக்கு நான் சொல்வது: ஒரு பிள்ளை "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் நேரத்துக்காகக் காத்திருங்கள். அப்போது பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பள்ளியின் குணம் அதில் தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பிள்ளைகளைத் தன்பாட்டுக்கு விட்டுவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்துவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறது என்று பெற்றோர் கேட்டால், "நேரம் வரும்போது தானாக வரும்" என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். வரலாம். வருவதற்கு இவர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள், கண் பரிசோதனைக்குச் சொன்னார்களா, பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது, இதற்கெல்லாம் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். பரீட்சை வைக்காத பள்ளிக்கு, வைக்கிற பள்ளியைவிட அதிகமாகப் பிள்ளையைத் தெரிந்திருக்க வேண்டிய பொறுப்பு இருக்கிறது. அதற்கு ஆசிரியர் நிலைத்து இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருந்தால் சம்பளம் எப்படித் தருகிறார்கள் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள்.

டெல்டாக்காரர்கள் மறக்கக்கூடாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பள்ளியில் மூங்கிலும் கீற்றும் வேய்ந்த வகுப்பறையைக் காட்டி, இயற்கையோடு இயைந்த கட்டடம் என்று பெருமையாக விளக்கினார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றின் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அந்த வாரம் எங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளையும் பாடம் படிக்கவில்லை. பாடம் நடத்த எங்களாலும் முடியவில்லை. எத்தனை நல்ல கல்விக் கொள்கையாக இருந்தாலும் கீற்றுக்கடியில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். எத்தனை வாசல், அவை வெளிப்பக்கமாகத் திறக்கின்றனவா, அடுப்பு எங்கே இருக்கிறது, இவற்றை நேரில் பாருங்கள். பக்கத்தில் வாய்க்கால் ஓடினால், பிள்ளைகள் வெளியே போகும்போது கூட எத்தனை பெரியவர்கள் போகிறார்கள் என்றும் கேளுங்கள். பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில்தான் வழக்கமாக மேட்டூர் அணையும் திறக்கும். வறண்டு கிடந்த வாய்க்காலில் பத்துப் பதினைந்து நாளில் தண்ணீர் வந்துவிடும்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவற்றை யாரும் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வதில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக்கூடாது. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லையென்றாலும் எட்டாம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்ள அதே சட்டத்தில் இடம் இருப்பதால், ஒத்துவரவில்லை என்றால் பிள்ளையை எடுத்துவரப் பயப்பட வேண்டாம். பள்ளிக்குப் போகாதவர்களையும் தேர்வெழுத வைக்கும் மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS) மூலம் பத்தாம் வகுப்பு எழுத 14 வயது ஆகியிருக்க வேண்டும். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. ஐந்தாம் வகுப்போடு மாற்றுப் பள்ளியை விடுவதா தொடர்வதா என்று முடிவெடுக்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

பள்ளியில் யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதும் எனக்கு முக்கியம். மழலையர் நாற்று நடும் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், நல்லது. அந்த வயலில் கூலிக்கு நடுகிறவரின் மகள் அந்த வகுப்பில் இருக்கிறாளா? வீட்டில் பேசுகிற தமிழிலேயே அவள் அங்கே கேள்வி கேட்கலாமா? கூடியவரை தாய்மொழியில், செயல்பாட்டின் வழியே, பயமில்லாமல் கற்க வேண்டும் என்று சட்டத்தின் 29-ஆம் பிரிவே சொல்கிறது. அது எல்லாப் பள்ளிகளுக்குமான பிரிவு. மாற்றுப் பள்ளிக்கென்று தனியாக எழுதியது இல்லை. அதனால் கட்டணம் கட்ட முடியாத பெற்றோர் வருத்தப்படாமல், இதே கேள்விகளோடு தங்கள் ஊர் ஒன்றியப் பள்ளிக்குப் போய் ஒரு காலை உட்கார்ந்து பார்க்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. உள்ளே போய்க் கேட்க உரிமை உண்டு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு பள்ளியைப் பற்றி எழுதும்போது, கூரை எதனால் ஆனது, அங்கீகாரம் இருக்கிறதா, எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர்கள், ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, பெற்றோரை வகுப்பில் உட்கார விடுகிறார்களா என்று ஐந்து வரி பெட்டிச் செய்தியாகச் சேர்த்துப் போடுங்கள். அதே கேள்விகளோடு திருவாரூர், நாகை மாவட்டத்து ஒன்றியப் பள்ளிகள் சிலவற்றுக்கும் செய்தியாளரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்