பெபூர் காட்டுப் பெரணி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே ரீயூனியன் தீவில், எங்கள் செந்த்-ஆந்த்ரே ஊரில் தைப்பூசக் காவடி வேலைகள் தொடங்கிவிட்டன. மழையும் பிடித்துக்கொண்டது.

போன வாரம் பெபூர் காட்டுக்குப் போயிருந்தோம். 1,300 மீட்டருக்கும் மேலான உயரம், எப்போதும் மேகம். பார்க்கும் இடமெல்லாம் மரப்பெரணி. இங்கே அதற்கு ஃபான்ஜான் என்று பெயர். பெரியவற்றின் தலை எட்டாத உயரத்தில் இருக்கும். சின்ன மரமாகப் பார்த்து அதன் கொண்டைக்குள் எட்டிப் பார்த்தேன். பழுப்புச் செதில் போர்த்திய சுருள் குருத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தால், பெரிய சுருளுக்குள்ளே ஒவ்வொரு சிற்றிலையும் தனித்தனியே சுருண்டிருக்கிறது.

நம் ஊர் வாழைக்குருத்து நீளவாக்கில் குழாயாகச் சுருண்டு வரும். பெரணி அப்படியில்லை, நுனியை நடுவில் பொதிந்து வைத்துக்கொண்டு வரும். குருத்தின் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட வேகமாக வளர்வதால்தான் அந்தச் சுருட்டல். பிறகு உள்பக்கமும் வளர்ந்து ஈடுகொடுக்கும்போது, அடியிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறது. கீழே இலை விரிந்து பச்சையாகிவிட்ட பிறகும் நுனி சுருண்டபடியே வளர்ந்துகொண்டிருக்கும். இலையில் கடைசியாக முதிர்வது அந்த நுனிதான். அவ்வளவு இளசான இடத்துக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும்தானே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆர்கிட் வைக்க ஃபான்ஜான் தொட்டி கேட்டிருந்தாய். அதை மட்டும் கேட்காதே, செல்வம். ஃபான்ஜானின் நடுத்தண்டைச் சுற்றிக் கறுத்த வேர்கள் தடிமனாகப் பின்னிக் கிடக்கும். ஈரம் காக்கும், காற்றும் போகும். அதனால்தான் குடைந்து தொட்டி செய்தார்கள். ஆனால் குருத்து விடுவது உச்சியில் இருக்கும் அந்த ஒரே இடத்திலிருந்துதான். அதை வெட்டினால் மரம் போயிற்று. இந்தக் காடு 2007இலிருந்து தேசியப் பூங்காவில் இருக்கிறது. மரப்பெரணியை நாடுவிட்டு நாடு அனுப்பவும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப்படி அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் எனக்கு மனசு வராது.

அதே 2007 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு ஓடிக் கடலில் இறங்கியதே, த்ரம்ப்ளே பக்கம்? அந்தக் கருங்கல் இடுக்குகளில் பெரணிகள் வேர்பிடித்திருக்கின்றன. கற்பாசிக்கு அடுத்தபடியாக அங்கே முதலில் குடியேறும் செடிகளில் இவையும் உண்டு. தூசு போன்ற வித்துகள் காற்றில் வந்து விழுகின்றன, கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும்.

உன் டென்ட்ரோபியம் ஆர்கிட்டுக்குத் தேங்காய் மட்டையே நன்றாக ஒத்துவரும், மட்டையை முதலில் நன்றாக ஊறவைத்து உப்பைக் கழுவிவிடு. அடுத்த ஜனவரியில் நீயும் தங்கச்சியும் இங்கே வாருங்கள். கம்பளிச் சட்டையும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் எடுத்து வா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தேவன்