லட்டுவுக்கு ஒரு பூசை

அன்புள்ள பாப்பா,

சனிக்கிழமை எங்கே போயிருந்தீர்கள் என்று போனில் கேட்டாயே, சும்மா வெளியே என்று மழுப்பிவிட்டேன். லட்டுவை டோக்கியோவின் மேற்கே இருக்கும் மிதாகே மலைக்குக் கூட்டிப்போயிருந்தோம்.

நிஷி கசாயிலிருந்து வாடகைக் கார். அடிவாரத்தில் கேபிள் கார் ஏறினோம், நாய்க்கும் தனி டிக்கெட்! ஆறே நிமிடத்தில் மேலே. அங்கே 929 மீட்டர் உச்சியில்தான் கோயில். நவம்பர் குளிர் காதைக் கடித்தது. வழியில் ஆயிரம் வருஷத்துக் கெயாகி மரம் ஒன்று, பாதி இலை மஞ்சள், பாதி தரையில். லட்டு அதை மோந்து பார்ப்பதற்கே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான்.

கடைசியில் முந்நூற்றுச் சொச்சம் படி. நாற்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டான். பின்னங்கால் நடுங்கியது. தூக்கிக்கொண்டேன். முன்பெல்லாம் உன்னை இழுத்துக்கொண்டு ஓடுவானே, இப்போது கையில் கனமே இல்லை.

அந்தக் கோயிலில் ஓநாய்தான் காவல். மூடுபனியில் வழி தவறிய யமாதோ தகேரு இளவரசனுக்கு ஒரு வெள்ளை ஓநாய் வழி காட்டியதாம். வயலை அழிக்கும் பன்றியையும் மானையும் ஓநாய் அடிப்பதால் உழவர்களும் கும்பிட்டிருக்கிறார்கள். நிஜ ஓநாய் ஜப்பானில் கடைசியாகப் பிடிபட்டது 1905-இல். கும்பிடு மட்டும் நிற்கவில்லை. உன் பாட்டி இருந்திருந்தால், பைரவர் இங்கேயும் இருக்கிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பாள்.

பூசைக்கு ஒரு படிவம்: பெயர், வயது, வேண்டுதல். வயது 14 என்று எழுதினேன். வேண்டுதலில் அம்மா 'ஆரோக்கியம்' என்று போட்டாள். பூசாரி லட்டு என்ற பெயரை 'ராத்து' என்று ராகமாக வாசித்தார். நம் ஆள் காதைக்கூட அசைக்கவில்லை. ஆனால் வெள்ளைக் காகிதம் கட்டிய கோலைத் தலைக்கு மேல் ஆட்டினாரே, அதைக் கவ்வப் பார்த்தான். அம்மாவுக்குச் சிரிப்பு, அப்புறம் அழுகை.

அவனுக்குச் சிறுநீரகம் சரியில்லை, பாப்பா. டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். பரீட்சை முடியட்டும் என்று அம்மா தடுத்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

மெல்போர்னிலிருந்து ஜனவரியில் வருவதாகச் சொன்னாயே, டிசம்பருக்கு மாற்ற முடியுமா பார். டிக்கெட் பணம் அனுப்புகிறேன்.

கறுப்பு ஓநாய் படம் அச்சிட்ட தாள் ஒன்று வாங்கி வந்தேன். வாசலில்தான் ஒட்ட வேண்டும். உன் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அவன் தூங்குவது அங்கேதான்.

அப்பா