பாப்பாவுக்கு, பரீட்சை முடிந்த பிறகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்பு இருந்த அளவுக்கு இல்லை, படி ஏறி இறங்குகிறாள். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. உன் புத்தகங்களை யாரும் தொடவில்லை, அலமாரியைத் துணியால் மூடித்தான் அடித்தார்கள். அண்ணன் எப்போதும் போலத்தான்.

எம்.பி.ஏ. படிப்பில் சேர்வதற்கான ஜிமேட் பரீட்சையை எழுதிவிட்டு வெளியே வந்ததும் கூப்பிட்டாய். “முடிஞ்சதுப்பா, ஸ்கோர் வர நாளாகும்” என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஒற்றை வார்த்தைதான். “சரி.” “வேலை.” “அப்புறம்.” அம்மாவிடமாவது ஏதாவது சொல்லியிருப்பாய் என்று பார்த்தேன். அவளும் என்னைத்தான் கேட்கிறாள்.

நீ பதிவு செய்த அன்றே அந்த விதிகளையெல்லாம் உட்கார்ந்து படித்தவன் நான். கடைசிக் கேள்வி முடிந்ததும் ஸ்கோர் திரையிலேயே வரும், அதிகாரபூர்வமான அறிக்கைக்குத்தான் சில நாள் ஆகும் என்று தெரியும். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன்னைப் பிடித்துவிட்டேன் என்று நீ நினைக்கக் கூடாது. அந்த எண் எனக்கு வேண்டாம். நீ சொல்லும்வரை கேட்கவும் மாட்டேன். நீ ராத்திரி தூங்குகிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

போன முறை வந்தபோது உன் தவறுக் குறிப்பு நோட்டை விட்டுவிட்டுப் போனாய், நீல அட்டை போட்டது. அதை எடுத்து முழுவதும் படித்தேன். கேள்வி எண், எடுத்த நேரம், போட்ட விடை, சரியான விடை, ஏன் தவறு என்று கோடு போட்டு எவ்வளவு நேர்த்தியாக வைத்திருக்கிறாய்! பகல் முழுக்க ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு வந்து இதை எழுதியிருக்கிறாய் என்று நினைக்கும்போது மனசு நிறைந்துபோகிறது. வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டவும் செய்தேன், கோபப்படாதே.

ஒரு பக்கத்தில் அந்த டேட்டா சஃபிஷியன்சி கேள்வி இருக்கிறது. ஒரு எண் எது என்று கேட்கிறார்கள். முதல் கூற்று, அதன் வர்க்கம் 9. இரண்டாவது கூற்று, அது -3-ஐ விடப் பெரியது. முதல் கூற்று மட்டுமே போதும் என்று போட்டிருக்கிறாய். வர்க்கம் 9 என்றால் 3 ஆகவும் இருக்கலாம், -3 ஆகவும் இருக்கலாம். இரண்டு கூற்றையும் சேர்த்தால்தான் 3 என்று உறுதியாகும். இது உனக்குத் தெரியாததா? எனக்கு விளக்கிச் சொன்னதே நீதானே. “விடை கண்டுபிடிக்கச் சொல்லலப்பா, விடை சொல்ல இது போதுமான்னு மட்டும்தான் கேக்கறாங்க” என்று நீ சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி வகையே எனக்குப் புரிந்தது. அவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்தவள் அந்தக் கேள்விக்கு நேரே ஏன் தவறு என்ற இடத்தில் “கவனக்குறைவு” என்று ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கிறாய்.

முதல் பக்கங்களில் அப்படி இல்லை. “வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்று கேட்டதைப் பலப்படுத்துவது என்று படித்துவிட்டேன்”, “கடைசி வரியில் உள்ள ‘தவிர’ கண்ணில் படவில்லை” என்றெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறாய். நடுப்பகுதிக்கு மேல் எல்லாமே “கவனக்குறைவு”. அந்த வார்த்தையால் ஒரு பிரயோஜனமும் கிடையாது பாப்பா. குறை எண்ணை மறந்தேன் என்று எழுதினால் அடுத்த முறை கை தானாக நிற்கும். கவனக்குறைவு என்று எழுதினால் உன்னையே திட்டிக்கொண்டதாகத்தான் ஆகும்.

அதைவிட என்னை உறுத்தியது நேரக் கட்டம்தான். குவான்ட் என்ற கணக்குப் பகுதியில் 45 நிமிடத்தில் 21 கேள்வி. ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலேதான் கிடைக்கும். நீ ஒரே கணக்கில் ஆறு நிமிடத்துக்கு மேல் நின்றிருக்கிறாய். அந்த வரிசையின் கடைசிக் கேள்விகளுக்கு நேராக அரை நிமிடம், இருபது விநாடி, அப்புறம் வெறும் கோடு. அந்தக் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பெரிதாக டிக் அடித்திருக்கிறாய். மூன்று கேள்விக்கான நேரத்தைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறாய்.

எட்டாம் வகுப்பில் ஒரு கணக்குக்காக விடியும்வரை விளக்கை அணைக்காமல் இருந்தவள் நீ. அந்தக் குணம் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் இந்தப் பரீட்சைக்கு அது வேண்டாத குணம். கேள்வியைத் தாண்டிப் போகவும் விடமாட்டார்கள், ஏதாவது ஒரு விடையைக் குறித்தால்தான் அடுத்தது வரும். அதனால் விடத் தெரிய வேண்டும். இரண்டரை நிமிடம் ஆகியும் வழி தெரியவில்லை என்றால் ஒன்றைக் குறித்துவிட்டு, புக்மார்க் போட்டுவிட்டுக் கிளம்பிவிடு. பகுதியின் முடிவில் நேரம் மிச்சமிருந்தால் திரும்பி வரலாம், மூன்று விடைகள்வரை மாற்றலாம். முடிக்காமல் விடும் கேள்விகளுக்குத்தான் இழப்பு அதிகம். விட்டுவிடு என்று நான் போனில் சொன்னபோதெல்லாம் “சரிப்பா” என்றாய். நோட்டைப் பார்த்தால் ஒரு நாளும் விட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. பரீட்சை ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று அன்றைக்குச் சொன்னாய். நீ சரியாகப் போடப் போட அடுத்தது கடினமாகத்தான் வரும், அந்தப் பரீட்சையின் அமைப்பே அப்படி. கஷ்டமாக இருந்ததை வைத்து மோசமாகப் போனது என்று முடிவுகட்ட முடியாது. நடுவில் அப்படி ஒரு எண்ணம் வந்து கை நடுங்கியிருந்தால், அந்த நடுக்கத்தில் போனதுதான் நிஜமான நஷ்டம்.

சித்தப்பா போன் செய்தார். 700-க்குக் கீழே வாங்கினால் நல்ல கல்லூரி எதுவும் திரும்பிப் பார்க்காது என்று அவர் காலத்துக் கதையைச் சொன்னார். உன்னிடமும் சொல்லியிருப்பார் என்று பயமாக இருக்கிறது. அவர் எழுதியது 200 முதல் 800 வரை இருந்த பழைய அளவு. கட்டுரை எழுதும் பகுதியும் வாக்கியத் திருத்தமும் இருந்த ஜிமேட் அது. இப்போது அளவு 205 முதல் 805 வரை, எந்த ஸ்கோரும் 5-ல்தான் முடியும். பழைய 700-க்குச் சமமாக இப்போது சொல்லப்படுவது 645. அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். “என்னவோ போ” என்றார். அவர் எண்ணை உன் எண்ணோடு வைத்துப் பார்க்காதே. எது வந்திருந்தாலும் சரி.

மறுபடி எழுத வேண்டுமென்றால் 16 நாள் இடைவெளி விட்டால் போதும். பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறை எழுதலாம். எந்த ஸ்கோரை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்பது உன் கையில்தான் இருக்கிறது, நீ அனுப்பாததை அவர்கள் பார்க்கப் போவதில்லை. இதற்குப் பதிலாக ஜி.ஆர்.இ. என்ற இன்னொரு நுழைவுத் தேர்வை எழுதலாமே என்று அண்ணன் சொல்கிறான். அதையும் பல கல்லூரிகள் ஏற்கின்றன, உண்மைதான். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்போது மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முடிவு உன்னுடையது.

எழுதுவதாக இருந்தால் பகுதிகளின் வரிசையை மாற்றிப் பார். விவரங்களை அலசச் சொல்லும் டேட்டா இன்சைட்ஸ் பகுதியைப் பயந்து பயந்து எப்போதும் கடைசியில் வைக்கிறாய். களைத்துப்போன மூளையோடு வெவ்வேறு திரையில் கிடக்கும் விவரங்களைத் தேடிச் சேர்ப்பது யாருக்கும் கஷ்டம். அதில் ஒரு கேள்விக்குள் மூன்று கூறு இருந்தால் மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். மொத்த ஸ்கோரில் மூன்று பகுதிக்கும் ஒரே எடைதான், அதனால் அதை மாற்றாந்தாய்ப் பிள்ளையாக நடத்தாதே. முதலில் வைத்து ஒரு மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு, எழுதிப் பார், பிடிக்காவிட்டால் பழையபடி வைத்துக்கொள். அதையும் பரீட்சை நடத்துகிறவர்களே தரும் டெஸ்ட்டாகப் பார்த்து எழுது. ஸ்கோர் போடும் கணக்கு அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது, மற்றவர்கள் போடும் எண் யூகம்தான். அந்த யூகத்தைப் பார்த்துத்தான் அன்றைக்கு அழுதாய்.

நீ மாக் டெஸ்ட் எழுத, நான் போனில் டைமர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகளை உனக்குத் தொந்தரவு என்று நினைத்திருந்தால் அதையும் சொல்லிவிடு. எனக்கு அது வாரத்திலேயே பிடித்த நேரம். பத்து நிமிட இடைவேளையில் நீ ஏதாவது பேசுவாய். ஆபீஸ் கதை, அந்தப் பக்கத்துச் சீட்டுப் பெண் கதை. பரீட்சை முடிந்ததும் அதுவும் நின்றுபோயிற்று. இதுதான் எனக்கு வருத்தம். ஸ்கோர் குறைந்தால் அப்பாவிடம் பேச முடியாது என்று நீ நினைக்கிறாயோ என்று தோன்றுகிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்கும் மூன்று பேரிடம் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் என்னிடம் வந்தாய்.

மறுபடி பதிவு செய்வதாக இருந்தால் முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். காலாவதித் தேதி நெருங்குகிறது என்று நினைக்கிறேன். பதிவில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். விடு என்று சொன்னால் விடு, அந்தக் கணக்கையும் சரி, இந்தப் பரீட்சையையும் சரி. தினமும் ராத்திரி இரண்டு மணிவரை விழிக்காதே.

நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பட்டுமா, நீ வரும்போது எடுத்துக்கொள்கிறாயா? இதற்காவது இன்று பதில் போடு. அம்மா பக்கத்தில்தான் நிற்கிறாள், அவளுக்கும் ஒரு வரி.

அன்புடன்,
அப்பா